பழைய மோட்டரும் தண்ணீர்த் தாங்கியும்: திருத்துவதா, மாற்றுவதா?

சொந்தக் காணிக்குத் திரும்பும் குடும்பங்கள் முதல் நாளில் இரண்டு விடயங்களைப் பார்க்கின்றன. வீட்டில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது ஒன்று. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்பது மற்றது. கிணற்றடியில் பழைய மோட்டர் துருப்பிடித்துக் கிடக்கலாம். அல்லது அதைக் கழற்றிக்கொண்டு போன இடத்தில் நான்கு ஆணித் துளைகள் மட்டும் இருக்கலாம். குசினிக்கு மேலே இருந்த சீமெந்துத் தாங்கி வெடித்து, அதற்குள் ஆலங்கன்று முளைத்திருக்கலாம். புது மோட்டரும் புதுத் தாங்கியும் வாங்கிவிட்டால் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. வெளிநாட்டில் உள்ள உறவினர்களும் முதலில் அனுப்ப விரும்புவது அதற்குரிய காசைத்தான்.

அந்தக் காசைச் சில கிழமைகள் வைத்திருங்கள் என்பதே எங்கள் ஆலோசனை. மோட்டரையும் தாங்கியையும் கடைசியாக வாங்குங்கள். காணி, கிணறு, தண்ணீர், பங்கு, மின்சாரம் ஆகிய ஐந்தையும் பார்த்து முடித்தால்தான் எந்த மோட்டர், எவ்வளவு பெரிய தாங்கி என்று சரியாகச் சொல்ல முடியும். பழையதையே திருத்திப் பாவிக்கலாம் என்றுகூடத் தெரியவரலாம்.

கிணற்றுக்குக் கிட்டப் போக முன்னர்

உங்கள் காணி மிதிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்ட பகுதிக்குள் வருகிறதா என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். வீடும் வீதியும் துப்புரவாக்கப்பட்டிருந்தாலும் கிணற்றைச் சுற்றியுள்ள பற்றையும் கிணற்றின் அடியும் பார்க்கப்படாமல் இருக்கக்கூடும். சண்டை நடந்த பகுதிகளில் வெடிக்காத பொருட்கள் கிணறுகளுக்குள் கிடந்திருக்கின்றன. சேறு அள்ளும்போது வாளியில் இரும்பு போலக் கனமாக ஏதும் தட்டுப்பட்டால் வேலையை அப்படியே நிறுத்துங்கள். அந்தப் பொருளைத் தொடவோ வெளியே எடுக்கவோ வேண்டாம். வந்த வழியாலேயே திரும்பி, மற்றவர்கள் போகாதபடி தூரத்தில் அடையாளம் ஒன்றை வைத்துவிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ கண்ணிவெடி அகற்றும் பிரிவினருக்கோ அறிவியுங்கள்.

கிணற்றுக் கட்டையும் பாருங்கள். பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்த கட்டில் வேர் புகுந்து கல் ஆடிக்கொண்டிருக்கும். கட்டில் சாய்ந்து எட்டிப் பார்க்க வேண்டாம். கட்டே இல்லாத கிணறாக இருந்தால், முதலாவது செலவு கட்டுக்கும் மூடிக்குமானதுதான். காணியைப் புதிதாகப் பார்க்கும் சிறுபிள்ளைகளுக்குக் கிணறு எங்கே இருக்கிறது என்பதே தெரியாது.

இன்னுமொன்று, இதில் உயிர் போகும். கிணற்றை இறைப்பதற்கு மண்ணெண்ணெய் அல்லது பெற்றோல் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி வைப்பதும், இயந்திரம் ஓடிய கிணற்றுக்குள் உடனே ஆள் இறங்குவதும் கூடவே கூடாது. இயந்திரப் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கிணற்றுக்குள் அது தேங்கி நிற்கும். மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் அதே இடத்தில் விழுவார். விளக்கைக் கொளுத்தி இறக்கிப் பார்த்தால் போதும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. விளக்கு அணைந்தால் பிராணவாயு குறைவு என்பது தெரியும், அது உண்மை. ஆனால் காபனோரொட்சைட்டு இருக்கும் இடத்திலும் விளக்கு எரியும். ஆகையால் இயந்திரம் வெளியே, காற்றோட்டமான இடத்தில் நிற்க வேண்டும். குழாய் மட்டுமே உள்ளே போக வேண்டும். கிணற்றுக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், இடுப்பில் கயிறு கட்டி, மேலே குறைந்தது இரண்டு பேர் நின்று, வேலை தெரிந்தவரே இறங்க வேண்டும்.

கிணற்றை இறைத்துக் குளோரீன் இடுதல்

குப்பை, செத்த பிராணிகள், அழுகிய இலை எல்லாம் போக வேண்டும். கலங்கிய தண்ணீரில் குளோரீன் சரியாக வேலை செய்யாது. ஆனாலும் ஒரே நாளில் அடிவரை வற்ற இறைக்க அவசரப்பட வேண்டாம். மாரியில், சுற்றிலும் நிலம் ஊறி இருக்கும்போது கிணறு முழுவதையும் வற்றச் செய்தால் பழைய சுவர் உள்ளே சரியலாம். வன்னியில் மண் கிணறுகளில் இந்த ஆபத்து அதிகம். யாழ் குடாநாட்டிலும் தீவுகளிலும் வேறொரு பிரச்சினை உண்டு. அங்கே சுண்ணாம்புக்கல்லுக்குள் நல்ல தண்ணீர் உவர் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. வேகமாகவும் ஆழமாகவும் இறைத்தால் உவர் மேலே ஏறும். ஏறிய உவர் இறங்க மாரி வரவேண்டும்.

குளோரீனின் அளவைக் கணக்கிடும் முறை இது. கிணற்றின் குறுக்களவில் பாதியை அதே எண்ணால் பெருக்கி, 3.14 ஆல் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தாலும் பெருக்குங்கள். 10 அடி அகலமான கிணற்றில் 6 அடி தண்ணீர் இருந்தால், 5 × 5 × 3.14 × 6 = 471 கன அடி. ஒரு கன அடி ஏறக்குறைய 28 லீற்றர். ஆகவே கிணற்றில் சுமார் 13,000 லீற்றர் தண்ணீர் இருக்கிறது. நூற்றுக்கு 70 வீதம் குளோரீன் உள்ள தூள் என்றால் ஒவ்வொரு 1,000 லீற்றருக்கும் 150 கிராம் வேண்டும். இந்தக் கிணற்றுக்கு ஏறக்குறைய 2 கிலோ. 35 வீதத் தூள் என்றால் இரு மடங்கு. பக்கற்றில் எழுதியிருக்கும் வீதத்தைப் பார்க்காமல் போட வேண்டாம். பழைய, கட்டிபட்ட தூளையும் வாங்க வேண்டாம், அதில் பலம் குறைந்திருக்கும்.

தூளைப் பிளாஸ்ரிக் வாளியில், தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். கையுறை போடுங்கள், காற்று வீசும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். மலசலகூடம் கழுவும் அமிலத்துடனோ வேறு மருந்துடனோ ஒருபோதும் கலக்க வேண்டாம், நச்சுவாயு கிளம்பும். 12 மணித்தியாலங்கள் விட்டு, பின்னர் குளோரீன் மணம் மெல்லிதாகும் வரை இறைத்து வெளியே விடுங்கள். அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. உங்கள் பிரிவுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முன்கூட்டியே அழைத்தால் அவரே அளவைப் பார்த்துத் தருவார். அதுவே நல்லது.

இந்தத் தண்ணீர் தாங்கிக்கு ஏற்றத் தகுந்ததா?

குளோரீன் கிருமிகளைக் கொல்லும், அவ்வளவுதான். உவரையும் நைத்திரேற்றையும் அது மாற்றாது. குடாநாட்டின் பல கிணறுகளில், தோட்டத்து உரத்தாலும் மலக்குழிகளாலும், நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருக்கிறது. இதற்கு நிறமோ சுவையோ கிடையாது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். பால்மாப் போத்தலில் வளரும் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இது ஆபத்தானது. வீட்டில் அப்படியொரு குழந்தை இருந்தால், பரிசோதனை முடிவு கைக்கு வரும்வரை குழந்தையின் பாலுக்கு வேறு தண்ணீர் எடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஊடாகவோ, நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்திலோ தண்ணீரைப் பரிசோதிக்கலாம்.

நீங்கள் இல்லாத காலத்தில் பக்கத்துக் காணியில் புது மலசலகூடம் வந்திருக்கலாம். அதன் குழி கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி இருக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் நிலத்தில் வெடிப்புகள் வழியாக அழுக்கு விரைவாக ஓடும் என்பதால் அதற்கு மேலும் தூரம் இருந்தால் நல்லது.

தண்ணீர் உவராகவே இருந்தால், குடிதண்ணீர் பவுசரில்தான் வரும் என்றால், உங்களுக்குத் தேவைப்படுவது வேறு வகையான தாங்கி. பவுசர்க் குழாய் எட்டும் இடத்தில், நிலத்தில் தாழ்வான மேடையில், வீதிப் பக்கமாக அது இருக்க வேண்டும். முதலே 15 அடி உயரத்தில் தாங்கியை ஏற்றிவிட்டு, பிறகு பவுசர்த் தண்ணீரை வாளி வாளியாகச் சுமப்பது தேவையா? வாங்குவதைப் பிற்போடச் சொல்வது இதற்காகத்தான்.

பங்குக் கிணறு என்றால்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் குழாய் வேலையைவிட இதில்தான் குடும்பங்கள் மனம் நொந்து போகின்றன. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகள் பலவற்றில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருக்கும். ஒரு கிணற்றில் நான்கு பேருக்குப் பங்கு. ஒருவர் அதே ஊரில், ஒருவர் கனடாவில், ஒருவர் காலமாகி அவருடைய பிள்ளைகளுக்கு உரிமை, நான்காவது ஆள் நீங்கள். இடம்பெயர முன்னர் எல்லோரும் முறைவைத்து அள்ளினார்கள், பிரச்சினை இருக்கவில்லை. இப்போது ஒருவர் மட்டும் மோட்டர் பூட்டிப் பெரிய தாங்கிக்கு ஏற்றத் தொடங்கினால், மற்றவர்களுடைய வாளி கோடையில் சேற்றைத்தான் தொடும்.

மோட்டர் பூட்ட முன்னர் பங்காளிகளுடன் பேசுங்கள். வெளிநாட்டில் உள்ளவரிடம் தொலைபேசியிலாவது கேளுங்கள். கிணறு துப்புரவாக்கிய செலவு, கட்டுக் கட்டிய செலவு, யார் எந்த நேரம் இறைப்பது என்பவற்றை ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையொப்பமிடுவது சிறந்தது. சொந்தக்காரருக்குள் தாள் எதற்கு என்று சிலர் கோபிப்பார்கள். கோபித்தாலும் எழுதுங்கள். உறுதி தொலைந்திருந்தால் அதன் பிரதியைக் காணிப் பதிவகத்தில் தேடி எடுக்கலாம். பேசித் தீராவிட்டால் மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோங்கள், அதற்குப் பெரிய செலவில்லை. தீர்வு வரும்வரை கப்பியும் கயிறும் வாளியும் போதும்.

பழைய தாங்கியைப் பார்க்கும் முறை

சீமெந்துத் தாங்கியின் அடியிலும் தூண்களிலும் கம்பி வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். துருப்பிடித்த கம்பி பருத்து, சீமெந்தைப் பிளந்து தள்ளும். மேலே புதுச் சாந்து பூசினால் அழகாகத் தெரியும், உள்ளே துரு நிற்காது. தூணில் நெடுக்காக வெடிப்பு இருந்தால் அந்தத் தாங்கியை விட்டுவிடுங்கள். கணக்கு எளிது: ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. 1,000 லீற்றர் தாங்கி நிரம்பினால் ஒரு தொன். அதற்குக் கீழேதான் பெரும்பாலும் குசினியோ குளியலறையோ இருக்கிறது. சுவர் குண்டு பட்டு ஆடியிருந்தால் வெளியே தெரியாமலும் இருக்கலாம். மேசனார் ஒருவர் தட்டிப் பார்த்துச் சொல்லட்டும். உடைக்கும்போது மேலிருந்து கீழாக உடையுங்கள், தூணை முதலில் வெட்ட வேண்டாம்.

தாங்கி நல்ல நிலையில் இருந்து, உட்பூச்சு மட்டும் கழன்றிருந்தால் திருத்திப் பாவிக்கலாம். உள்ளே சுரண்டிக் கழுவி, பூசி, காய்ந்த பின் முதலில் கால்வாசி நிரப்பி ஒரு நாள் விடுங்கள். பிறகு அரைவாசி, பிறகு முழுவதும். ஒவ்வொரு நாளும் தூணையும் கசிவையும் பாருங்கள்.

பிளாஸ்ரிக் தாங்கி வெயிலில் மூடியின்றி ஆண்டுக்கணக்கில் கிடந்திருந்தால் மொறுமொறுத்துப் போயிருக்கும். விரலால் அழுத்தும்போது வெடிப்பு ஓடினால் குடிதண்ணீருக்கு வேண்டாம். வெட்டிக் கன்றுகளுக்கோ மாட்டுக்கோ பாவியுங்கள். சன்னம் பட்ட துளைகளை உருக்கி ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள். நிலத்தில் வைக்கும் தாங்கிக்கு அது சரி, உயரத்தில் ஏற்றுவதற்கு நம்ப வேண்டாம். எண்ணெய் அல்லது பயிர் மருந்து வைத்திருந்த பீப்பாக்களை எவ்வளவு கழுவினாலும் குடிதண்ணீருக்கு எடுக்கக் கூடாது.

எவ்வளவு பெரிய தாங்கி? அவசரகாலத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லீற்றராவது வேண்டும் என்பது நிவாரண வேலையில் பாவிக்கும் அளவு. வீட்டில் குளிப்பு, துணி, மலசலகூடம் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 100 லீற்றர் என்று வைத்தாலும், ஐந்து பேருக்கு 500 லீற்றர் தாங்கி ஒரு நாளைக்குப் போதும். தோட்டத்துக்குத் தாங்கியில் இருந்து இறைப்பதில்லை. பெரிய தாங்கி கௌரவம் என்று நினைப்பவர்கள் உண்டு. தண்ணீர் பாவிக்காமல் தேங்கி நிற்பதும், மேடைக்கு இரட்டிப்பாக இரும்பும் சீமெந்தும் வாங்குவதும்தான் அதில் மிஞ்சும். கறுப்பு நிறத் தாங்கியை எடுங்கள், வெளிச்சம் புகாவிட்டால் பாசி பிடிக்காது. மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், வழிந்தோடும் குழாயின் வாய்க்கு வலை கட்ட வேண்டும். டெங்கு நுளம்பு முட்டையிடத் தேடுவது இப்படியான தெளிந்த தண்ணீரைத்தான்.

பழைய மோட்டர்

மின்சாரம் கொடுக்காமல், முதலில் அச்சைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பாதி நல்ல செய்தி. இறுகியிருந்தால் பெயரிங் போயிருக்கலாம், அது சிறிய செலவுதான். உள்ளே கருகிய மணம் இருந்தால் கம்பிச் சுற்று எரிந்திருக்கிறது. திரும்பச் சுற்றிக் கொடுப்பவரிடம் விலை கேளுங்கள். புது மோட்டர் விலையின் அரைவாசியைத் தாண்டினால் திருத்துவதில் பயனில்லை. பல காலம் ஈரத்தில் கிடந்த மோட்டரைச் சும்மா ஒருக்கால் போட்டுப் பார்ப்போம் என்று பிளக்கில் செருக வேண்டாம். உடம்பில் மின் கசிகிறதா என்று கடையில் சோதித்த பின்னரே இணைக்க வேண்டும்.

நிலத்தில் வைக்கும் மோட்டர் எவ்வளவு குதிரை வலு உடையதாக இருந்தாலும், தனக்குக் கீழே ஏறக்குறைய 25 அடி ஆழத்தில் இருந்துதான் தண்ணீரை உறிஞ்சும். அதற்கு மேல் காற்றமுக்கம் இடம் கொடுக்காது. ஆகையால் மாரியில் அளந்து மோட்டர் வாங்க வேண்டாம். ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் எவ்வளவு கீழே போகும் என்பதைப் பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். 25 அடிக்குள் நின்றால் வீட்டுக்கு அரைக் குதிரை வலு போதுமானது. நிமிடத்துக்கு 30 லீற்றர் தரும் மோட்டர் 500 லீற்றர் தாங்கியை 17 நிமிடத்தில் நிரப்பிவிடும். தண்ணீர் அதற்குக் கீழே போகும் இடங்களில் தண்ணீருக்குள் இறங்கி வேலை செய்யும் வகை மோட்டர் வேண்டும். அதன் விலையும் திருத்தச் செலவும் கூட.

மோட்டர் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் மோட்டரைக் குறை சொல்ல முன்னர் குழாயின் அடியில் உள்ள புட்வால்வைப் பாருங்கள். அதில் சிறு கல் சிக்கினாலே குழாயில் தண்ணீர் நிற்காது. புட்வால்வு கிணற்றின் அடியிலிருந்து இரண்டு அடியாவது மேலே இருக்கட்டும். வெயிலில் கிடந்த பழைய பிவிசி குழாய்களை மறுபடி பொருத்த வேண்டாம், அவை மூட்டில் வெடிக்கும்.

மின்சாரம்

ஈரக் கை, ஈர நிலம், 230 வோல்ற்று. கிணற்றடியில் மூன்றும் ஒன்றாகச் சேருகின்றன. வீட்டுக்கு மின்சார மீளிணைப்புக் கிடைத்துவிட்டது என்பதற்காக உள்ளே இருக்கும் பழைய வயர்கள் நல்லவை என்று அர்த்தமில்லை. எலி கடித்தவையும் செப்புக்காக உருவப்பட்டவையும் இருக்கும். ட்ரிப் சுவிச் கட்டாயம் வேண்டும். 30 மில்லி அம்பியர் கசிவிலேயே விழும் வகையை வாங்குங்கள். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதமொரு முறை அழுத்திப் பாருங்கள், விழாவிட்டால் அது வெறும் அலங்காரம். மோட்டருக்கு எர்த் வயர் இருக்க வேண்டும். அயல் வீட்டிலிருந்து நிலத்தில் வயர் இழுத்து மோட்டர் ஓட்டுவது, முதல் மாதங்களில் எல்லோரும் செய்கிற வேலை. தயவுசெய்து செய்ய வேண்டாம். அந்த மாதங்களில் வாளியால் அள்ளுங்கள்.

சுடுதண்ணீர் இயந்திரம் ஒன்றும் பூட்டித் தருகிறோம் என்று வெளிநாட்டு உறவினர் கேட்பதுண்டு. பிள்ளை பெற்ற தாய்க்கும் முதியவருக்கும் அது உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் குடாநாட்டுத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு, சுடுதண்ணீர்க் கேத்தலில் வெள்ளையாகப் படிவதுபோல அந்த இயந்திரத்தின் சூடாக்கும் கம்பியிலும் படியும். அதே காசில் கிணற்றுக் கட்டையும் ட்ரிப் சுவிச்சையும் முடிக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள்.

வாங்கும்போதும் பூட்டிய பின்னரும்

வீட்டுத்திட்டக் கொடுப்பனவில் இருந்து வாங்குவதாக இருந்தால், அந்தக் கட்டக் கொடுப்பனவு அதற்கு அனுமதிக்கிறதா என்பதை முதலில் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அத்திவாரத்துக்கான காசில் மோட்டர் வாங்கிவிட்டு அடுத்த கட்டம் கிடைக்காமல் நிற்பது பெரிய கஷ்டம். பற்றுச்சீட்டில் மோட்டரின் தொடர் இலக்கத்தை எழுதுவித்து, உத்தரவாத அட்டையில் கடையின் முத்திரையும் திகதியும் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

புதுத் தாங்கியையும் திருத்திய தாங்கியையும் பாவிக்கத் தொடங்க முன்னர், கழுவி, தண்ணீர் நிரப்பி, 5 வீதம் குளோரீன் உள்ள, வாசனை சேர்க்காத வெளிறாக்கும் திரவத்தை 500 லீற்றருக்கு அரை லீற்றர் வீதம் ஊற்றுங்கள். எல்லாக் குழாய்களையும் குளோரீன் மணம் வரும்வரை திறந்து மூடுங்கள். 12 மணித்தியாலத்தின் பின் முழுவதையும் வெளியேற்றி, நல்ல தண்ணீரால் ஒருமுறை கழுவி நிரப்புங்கள். வெளியேற்றும் தண்ணீர் கிணற்றுக்கோ வாழையடிக்கோ ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குடிப்பதற்குரிய தண்ணீரைத் தொடர்ந்தும் கொதிக்கவைத்து ஆறவிட்டே குடியுங்கள். குமிழி பொங்கி ஒரு நிமிடம் கொதித்தால் போதும்.

தாங்கியின் மூடியில் துப்புரவாக்கிய திகதியைப் பூச்சால் எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, குறிப்பாக மாரி தொடங்க முன்னர், மறுபடி கழுவ வேண்டும். மோட்டர் வந்துவிட்டது என்று கப்பியைக் கழற்றி விற்றுவிடாதீர்கள். மின்சாரம் நின்ற அன்று அயல் வீட்டாரும் உங்கள் கிணற்றடிக்குத்தான் வருவார்கள்.